டிஸ்க் கோல்ஃப்: அடுத்தவர் புட் போடும்போது எங்கே நிற்பது, எப்போது நகர்வது

கூடைக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி, சிவப்பு டீசர்ட்டில், கடலை மிட்டாய் கவரைப் பிரித்துக்கொண்டே "போடுங்கண்ணா, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொன்ன ஆள் நான்தான். எதிரே எட்டு மீட்டர் தூரத்தில் புட்டரை (கூடைக்குள் விழவைக்கும் கிட்டத்து எறிதலான புட்டுக்கென்றே உள்ள தட்டை) ஓங்கிக்கொண்டு நின்றவர் கையை இறக்கினார். என்னையே பார்த்தார். உற்சாகப்படுத்தச் சொல்கிறார் போல என்று நானும் கையை ஆட்டினேன். அதற்கு ஓர் எச்சரிக்கை. நாலு ஹோல் கழித்து இன்னொருவர் புட் போடும் நேரம் பார்த்து என் பையின் வெல்க்ரோவை சர்ர்ரக்கென்று இழுத்தேன், அதற்கு ஓர் எறிதல் தண்டம். மூன்றாம் இடம் அந்த ஓர் எறிதலில்தான் போனது. மூன்றாம் பரிசு ஒரு புது டிஸ்க். இன்னும் வயிறு எரிகிறது.

எப்படி எறிவது என்று காட்ட வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்தவர் எறியும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அடிபட வேண்டாம்.

டிஸ்க் கோல்ஃபே புதிது என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். தட்டை, அதாவது டிஸ்க்கை, எறிந்து எறிந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த எறிதலில் முடித்தவர் முன்னால் நிற்பார். கூடையின் அடியிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் அது புட்டிங் பகுதி. நாங்கள் ஆடுவது தவளக்குப்பம் தாண்டி, கடல் பக்கமாக, தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பில். மூன்று கூடை, ஒவ்வொன்றுக்கும் மூன்று டீ, ஆக ஒன்பது ஹோல். டீ என்றால் இங்கே எறியத் தொடங்கும் இடம், ஹோல் என்றால் ஒரு டீயிலிருந்து கூடை வரை ஆடும் பகுதி. குடிக்கிற டீ ஆட்டம் முடிந்த பிறகுதான்.

1. முந்தின நாளே முடிக்க வேண்டியவை: காகிதம், காசு, பை

விதிப் புத்தகம் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ. இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுக்கப் படிக்கத் தேவையில்லை. மரியாதை பற்றிய 812, புட்டிங் பகுதி பற்றிய 806.01, நேரம் பற்றிய 802.03, குறுக்கீடு பற்றிய 810, இந்த நாலையும் அச்செடுத்து மடித்துப் பையில் வையுங்கள். போனில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், தோப்புக்குள் சிக்னல் வராத நாளில்தான் வாக்குவாதம் வரும்.

இடத்துக்கு அனுமதி. நிலத்துக்காரரிடம் வாயால் கேட்டது போதாது, "இன்ன நாள்களில் காலையில் இன்னார் வந்து விளையாட எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள். சவுக்குத் தோப்புக்குள் காலை ஆறு மணிக்கு நாலு பேர் இரும்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர்க்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதும் நியாயம்தான். கடலோரத்தில் வனத்துறை நட்ட சவுக்கும் இருக்கிறது, அதற்குள் போய்க் கூடையை நட்டுவிடாதீர்கள். கல்லூரி வளாகம், ரிசார்ட் மாதிரி இடத்தில் ஆட்டம் என்றால் வாசலில் காட்ட ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ வேண்டியிருக்கும்.

டிஸ்க்கை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்க்காரர்கள் கே.ஒய்.சி. கேட்பார்கள், ஆதார் அல்லது பான் நகலை அனுப்ப வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை ஏதோ மோசடி என்று நினைத்து அழித்துவிட்டேன், பெட்டி பதினோரு நாள் அசையாமல் கிடந்தது. சுங்க வரி தனி. நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் அனுப்பும் செலவு பங்காகும். எனக்கு எல்லாம் சேர்த்து ஒரு புட்டர் 1,400 ரூபாய்க்கு வந்தது. கூடையைப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பழைய சைக்கிள் ரிம்மும் சங்கிலியும் வாங்கிக் கொடுத்துச் செய்தோம், ஒன்று 3,800 ஆனது. ஆரோவில் பக்கம் அல்டிமேட் (தட்டை வீசிப் பிடிக்கும் குழு விளையாட்டு) ஆடுகிறவர்களிடம் இருக்கும் 175 கிராம் தட்டை வைத்தும் பழகலாம், ஆனால் அது 27 சென்டிமீட்டர் அகலம், கோல்ஃப் புட்டர் 21 சென்டிமீட்டர்தான், கைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

டிஸ்க் விழுந்த இடத்தைக் குறிக்க மினி என்ற சின்ன அடையாளத் தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அளவு 7 முதல் 15 சென்டிமீட்டர் அகலம், உயரம் 3 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டில் மூடி செல்லாது, ரொம்பச் சின்னது. போட்டிக்கு மினியே வாங்கிவிடுங்கள். நமக்குள் ஆடும் ஆட்டத்துக்கு ஊறுகாய் பாட்டில் மூடியை ஸ்கேல் வைத்து அளந்து எடுத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

பை விஷயத்தில் என் அபிப்பிராயம் இதுதான். டிஸ்க் கோல்ஃபுக்கென்றே விற்கும் பைகள் அழகாக இருக்கின்றன, விலையும் அதிகம், ஜிப்பும் வெல்க்ரோவுமாகச் சத்தம் போடுகின்றன. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பையில் நாலு டிஸ்க் தாராளமாக அடங்கும், சத்தமே வராது.

2. பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை

தண்டம் வாங்கிய பிறகு நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். யார் புட் போட்டாலும் திரும்பி நின்று போனைப் பார்ப்பேன். தொந்தரவு செய்யவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அதுவும் தப்பு. உங்கள் குழுவில் இருப்பவர் எறிவதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும், விதி அதை எதிர்பார்க்கிறது.

முதல் காரணம் டிஸ்க் தொலைவது. கூடையைத் தாண்டிப் போன புட், சங்கிலியில் பட்டுத் தெறித்து, விளிம்பில் நின்று உருண்டு, சவுக்குச் சருகுக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளும். பழுப்பு நிற டிஸ்க் என்றால் மேலேயே நின்றாலும் தெரியாது. தேட மூன்று நிமிடம்தான், அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு, எறிந்தவருக்கு ஒரு தண்டம். "எங்க போச்சு பாத்தியா?" என்று அவர் கேட்கும்போது நீங்கள் வாட்ஸாப்பிலிருந்து நிமிர்ந்தால் எப்படி இருக்கும்?

இரண்டாவது காரணம் கால். அடையாளத் தட்டுக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த இடம். எறியும்போது அதற்குள் ஒரு கால் இருக்க வேண்டும். 10 மீட்டருக்குள் என்றால் தட்டைக் கையைவிட்டு அனுப்பிய பிறகும் அடையாளத்துக்குப் பின்னாலேயே நிலையாக நின்று காட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் கூடையை நோக்கி நடக்கலாம். தடுமாறி முன்னால் விழுந்தால் ஒரு தண்டம். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: 10 மீட்டருக்கு வெளியிலிருந்து போட்டவர் எறிந்த வேகத்தில் முன்னால் போவது தப்பே இல்லை. அவரைப் போய் "கால் கால்" என்று கத்தாதீர்கள். நான் கத்தியிருக்கிறேன்.

3. எங்கே நிற்பது

தொண்ணூறு சதவீதம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் சைட் ஸ்கிரீன் பக்கம் யாராவது நடந்தால் பேட்ஸ்மேன் கையைத் தூக்கிப் பந்துவீச்சை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடி வருகிறவர் பாதியில் நின்று முனகிக்கொண்டே திரும்பிப் போவார். புட் போடுகிறவருக்குக் கூடைக்குப் பின்னால் இருக்கும் வெளிதான் சைட் ஸ்கிரீன். அவர் கண் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியைக் குறிவைத்திருக்கும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் கால் மாற்றி நின்றாலே கண் அங்கே தாவிவிடும். கூடைக்குப் பின்னால், கூடைக்கு இடம், கூடைக்கு வலம், எதுவும் உங்கள் இடம் இல்லை. விதியும் இதற்கு ஒத்துப்போகிறது: கூடையிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பவர்தான் அடுத்து எறிய வேண்டும், அவரைத் தாண்டி நீங்கள் முன்னால் போகக் கூடாது.

சரி, அவருக்குப் பின்னால் போய்விட்டீர்கள். பின்னால் என்றால் எவ்வளவு? நான் பயன்படுத்தும் கணக்கு சுலபமானது. அவர் கண்ணின் வெள்ளை உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் அவருக்குத் தெரிகிறீர்கள். அவர் காது மடலின் பின்பக்கம் தெரிகிற இடத்துக்கு நகருங்கள், அதுதான் உங்கள் இடம். நேர் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில், மூன்று நாலு மீட்டர் தள்ளி. ரொம்ப ஒட்டி நின்றால் மூச்சுச் சத்தம் கேட்கும், கையைப் பின்னால் இழுப்பவராக இருந்தால் உங்கள் மூக்குக்கும் ஆபத்து. இந்த இடத்திலிருந்து பார்த்தால் அவர் காலும் தெரியும், தட்டு போகும் வழியும் தெரியும்.

நாலு பேர் குழுவில் மற்ற மூன்று பேரும் ஒரே பக்கம் நில்லுங்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றால் அவருக்குச் சுற்றிவளைத்த மாதிரி இருக்கும்.

பாண்டிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சாயங்காலம் பெத்தாங்க் ஆடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. என் கதையைச் சொன்னதும் "அங்க போய் எதுக்குடா நின்ன, அறிவு வேணாம்?" என்றார். இரும்புக் குண்டு விளையாட்டான பெத்தாங்கில் ஒருவர் வீசும்போது பார்வையாளர்கள் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எதிரணி நடக்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, இதெல்லாம் எழுதிய விதி. ஒரு வித்தியாசம் மட்டும் கவனம்: பெத்தாங்கில் எதிரணி குறிக்கட்டையைத் தாண்டி, ஓரமாக நிற்கலாம். அந்தப் பழக்கத்தில் கூடையைத் தாண்டி நிற்காதீர்கள். தாத்தாவைக் கூட்டிப்போன அன்று அவரே அங்கேதான் போய் நின்றார்.

அடுத்து நிழல். இதை யாரும் சொல்வதில்லை. நமக்குச் சூரியன் கடலிலிருந்து வருகிறது. கூடை மேற்கே இருந்து, நான் சொன்னபடி நீங்கள் ஒழுங்காக அவருக்குப் பின்னால் நின்றால், உங்கள் நிழல் அவரைத் தாண்டிப் போய்க் கூடையிலேயே விழும். சூரியன் எழுந்து அரை மணி நேரத்தில் ஐந்தரை அடி ஆளின் நிழல் பத்து மீட்டருக்கு மேல் நீளும். எங்கள் ஏழாவது ஹோல் அப்படித்தான், மரம் இல்லாத மணல் திட்டு. ஒரு தடவை நான் தலையைச் சொறிந்தேன், என் நிழலின் கை கூடையைச் சொறிந்தது, போட்டவருக்குச் சிரிப்பு தாங்காமல் தட்டு பக்கத்து வரப்பில் போய் விழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நிழல் அவருடைய எறிதல் வழிக்கு வெளியே விழும் வரை பக்கவாட்டில் நகருங்கள். முடியாவிட்டால் குத்துக்காலிட்டு உட்காருங்கள்.

சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஒளியலாம் என்று நினைக்காதீர்கள். அந்த மரம் உங்கள் அகலத்துக்குப் பத்தாது. பாதி முகம் எட்டிப்பார்ப்பது முழு முகத்தைவிட மோசம்.

புல்தரைக் கோல்ஃப் ஆடிப் பழகியவர்கள் "அவன் புட் லைனை மிதிக்காதே" என்று சொல்லித் தருவார்கள். இங்கே தட்டு காற்றில் போகிறது, வழியை மிதித்தால் ஒன்றும் கெடாது. அவர் எறியத் தயாராவதற்கு முன்னால் தாராளமாகக் கடந்து போகலாம்.

4. அந்த 30 விநாடி

முந்தையவர் எறிந்து, தன் முறை வந்து, தன் இடத்துக்கு வந்துசேர நியாயமான நேரமும் ஆகி, எதிரே தடையும் தொந்தரவும் இல்லாத நிலை வந்ததும் ஆட்டக்காரருக்கு 30 விநாடி. கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். நீங்கள் கூடைக்குப் பக்கத்தில் உலாவிக்கொண்டிருக்கும் வரை அவருடைய கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்ணா" என்று கேட்கும் முன்னால் நீங்கள் அசையாமல் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

30 விநாடி சும்மா நிற்பது கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும், கொசுவோடு நின்று பாருங்கள், தெரியும். அவர் அடையாளத்தில் காலை வைத்த உடனே நீங்களும் நின்றுவிட வேண்டும். தட்டு கீழே விழும் வரை இல்லை, தட்டு விழுந்து அவர் காலை எடுக்கும் வரை.

எந்த நேரத்துக்கு ஆட்டம் என்பதும் இதில் சேர்த்தி. நாங்கள் காலை ஆறேகாலுக்குத் தொடங்குகிறோம், நாலு பேர் ஒன்பது ஹோலை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம். பதினோரு மணி தாண்டிக் கடல் காற்று ஏறிவிட்டால் ஒவ்வொருவரும் காற்று அடங்கட்டும் என்று கையில் தட்டோடு காத்திருப்பார்கள், நீங்களும் கூடவே சிலை மாதிரி நிற்க வேண்டும். கத்தரி வெயிலில் அதைச் செய்து பார்த்தவர்கள் அடுத்த வாரம் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெறித்த நாள் பார்த்துத்தான் ஆட்டம். பாண்டியிலிருந்தோ கடலூரிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள், ஓடி வந்து மூச்சு வாங்குகிறவரால் அசையாமல் நிற்க முடியாது.

5. சத்தம்

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பக்கத்து ஊர் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு முழங்கிக்கொண்டே இருக்கும். யாருக்கும் புட் கெட்டதில்லை. தொடர்ந்து வரும் சத்தம் காதுக்குப் பழகிவிடும். அமைதியில் திடீரென்று வரும் சின்னச் சத்தம்தான் ஆளைக் கொல்லும். வெல்க்ரோ, சாவிக்கொத்து, சோடா பாட்டில் திறப்பது, இருமலை அடக்கப் போய் வரும் அந்த விசித்திரமான சத்தம், கையில் இரண்டு டிஸ்க்கை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பது. கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் இருக்கிறது, தனக்கே தெரியாது.

போனை வைப்ரேட்டில் போடாதீர்கள், முழு மௌனத்தில் போடுங்கள். மஞ்சப்பைக்குள் டிஸ்க்கோடு ஒட்டிக் கிடக்கும் போன் அதிர்ந்தால் தவில் மாதிரி கேட்கும். தின்பண்டத்தை வீட்டிலேயே கவரிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டப்பா வேண்டாம், மூடி கை தவறினால் கதை முடிந்தது.

கத்த வேண்டிய இடமும் ஒன்று உண்டு. தட்டு யார் மேலாவது பாயப் போகிறது என்றால் யார் எறிந்துகொண்டிருந்தாலும் கவலைப்படாமல் கத்துங்கள். அதற்கு எச்சரிக்கை கிடையாது.

6. சங்கிலி சத்தம் கேட்ட பிறகு

உள்ளே விழுந்துவிட்டது. போட்டவர் போய்த் தன் தட்டை உடனே எடுத்துவிட வேண்டும். அடுத்தவர் போடும்போது கூடைக்குள் வேறு தட்டு கிடந்தால் அதில் பட்டுத் தெறிக்குமோ என்ற சந்தேகமே அவருக்குப் போதும். எடுத்த கையோடு கூடைப் பக்கத்தில் நின்று "அடுத்து யாரு?" என்று விசாரிக்காமல், சுற்றிப் பின்னால் வந்துவிடுங்கள்.

உள்ளே விழவில்லை, தாண்டிப் போய் நாலு மீட்டரில் கிடக்கிறது. இப்போது மற்றவர்கள் நகரலாமா? முதலில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நேராகப் போய் அதையும் முடித்துவிடுவார் என்றால் கூடையை நோக்கிப் போகாதீர்கள். இப்போது அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கிப் போடப் போகிறார், அதாவது சரியான இடத்தில் நின்றிருந்த நீங்கள் நின்ற இடத்திலேயே தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அவர் நடந்துபோகும் அந்தச் சில விநாடிக்குள் ஓரமாக ஒதுங்குங்கள். நான் பார்த்த வரையில் புதியவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

உங்கள் தட்டு கூடைக்கு அடியிலேயே கிடக்கிறது, போட்டு முடித்துவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் முறை தள்ளி நிற்பவருடையது. "அண்ணா, நான் முடிச்சிக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் போதும், விதியும் இதை அனுமதிக்கிறது. கேட்காமல் போகாதீர்கள். உங்கள் தட்டு தன் கண்ணை உறுத்துகிறது, அல்லது தன் தட்டு அதில் மோதும் என்று அவர் நினைத்தால், மினியை வைத்துவிட்டு அதை எடுக்கச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. முணுமுணுக்காமல் எடுங்கள். மினியைத் தட்டின் முன் விளிம்பைத் தொட்டபடி, கூடை இருக்கும் பக்கமாக வைத்துவிட்டு, அப்புறம்தான் தட்டைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டு வைத்தால் இடம் மாறிவிடும்.

பையையும் ஸ்டூலையும் தட்டு வந்து மோதக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள். உங்கள் மேல் பட்டால் பட்ட பிறகு எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்துதான் பாவம் அவர் ஆட வேண்டும்.

7. வாய்

கேரம் போர்டைச் சுற்றி நின்று "ரெட்டை எடு, ரெட்டை எடு" என்று யோசனை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை தோப்பு வாசலிலேயே கழற்றிவிடுங்கள். போடுவதற்கு முன் "ஈஸிதான்ணா" வேண்டாம், அதைக் கேட்ட பிறகு எந்த புட்டும் ஈஸி இல்லை. தட்டு காற்றில் இருக்கும்போதே "உள்ள!" என்று கத்தாதீர்கள், பாதி நேரம் அது வெளியே போகும். தவறவிட்ட பிறகு "கொஞ்சம் மேல போட்டிருக்கணும்" என்பது அவருக்கும் தெரியும். மோசமாகப் போட்டதற்கு "நல்ல டிரை" என்பதைக்கூட எல்லோரும் ரசிப்பதில்லை. விழுந்தால் "சூப்பர்" என்று ஒரு வார்த்தை, விழாவிட்டால் மௌனம்.

8. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்

தோப்பில் ஆடினால் பசங்க வருவார்கள், வந்து கூடைக்குப் பின்னால்தான் நிற்பார்கள், ஏனென்றால் தட்டு அங்கேதான் வருகிறது. விரட்டாதீர்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே ஆளுக்கு ஒரு எறி கொடுத்துவிட்டு, "நாங்க எறியும்போது எங்க பின்னாடி வந்து நில்லுங்கப்பா" என்றால் போதும். பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், பத்தாவது நிமிடத்தில் உங்களையே "அண்ணா, அசையாதீங்க" என்று அதட்டுவார்கள். நாய்க்கு மட்டும் வழி கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தோப்பு நாய் ஒவ்வொரு புட்டுக்கும் கூடையடியில் போய்ப் படுக்கிறது.

9. தப்பு நடந்துவிட்டால்

மரியாதை மீறலுக்கு முதல் தடவை எச்சரிக்கை, அதே சுற்றில் மறுபடி செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டம். முதலில் செய்ததும் பிறகு செய்ததும் ஒரே தப்பாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு முதலில் நின்ற இடம், பிறகு வெல்க்ரோ. "அது வேற, இது வேற" என்று நான் வாதாடியது செல்லவில்லை.

அவர் கை ஓங்கியிருக்கும்போது தப்பான இடத்தில் நிற்கிறோம் என்று உறைத்தால் ஓடாதீர்கள். அப்படியே உறைந்துவிடுங்கள். ஓடுவதுதான் கண்ணில் படும். மன்னிப்பைத் தட்டு விழுந்த பிறகு கேளுங்கள். பாதியில் "சாரிண்ணா" என்பது இன்னொரு சத்தம்.

நீங்கள் போடும் முறை வந்து, வேறொருவர் கூடைக்குப் பின்னால் நிற்கிறார் என்றால், மனதுக்குள் திட்டிக்கொண்டே போட்டுத் தவறவிட்டுப் பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. கையைக் கீழே இறக்குங்கள். வயதில் மூத்தவரோ, முதலாளியோ, மாமனாரோ, "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுறீங்களா?" என்று கேட்க உங்களுக்கு விதிப்படியே இடம் உண்டு. கேட்டுவிட்டு அவர் வந்து சேரும் வரை காத்திருங்கள். அவர் உங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினால், இன்னொரு தடவை கேளுங்கள்.